சுண்ணாம்பு கேட்டவளுக்கு ஒரு சம்மன்

எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா, சின்னவர்களுக்குச் சளி இருமல் ஒன்றும் இல்லையே? மழைக்காலம் வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறவர்கள் காலை நன்றாக நீட்டிக்கொண்டே படியுங்கள். உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. இந்தக் கதையில் அவசரம் எல்லாம் ஆவுடையம்மாளுக்குத்தான்.

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற பஸ்ஸில் ஏறி, கொழுஞ்சிகுளம் விலக்கில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அவளுடைய ஊர். ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. குளத்துக் கரைக்குக் கீழே பள்ளத்தில் ஒரே தெரு, தெருவில் பதினோரு வீடு. கடைசிக்கு முந்தின வீடு ஆவுடையம்மாளுடையது. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்கென்று இருப்பது இருபத்திரண்டு ஆடும், அதை அடைக்க முள் கட்டிய ஒரு பட்டியும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை உச்சிப் பொழுது. ஓடைக்கரையில் ஆடு தின்ன உடைமரத்து நெற்றுகளைத் துறட்டியால் உலுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்று, வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டாள். கொடுத்தாள். வந்தவள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கறிக்கு என்ன என்று கேட்கிற மாதிரி, "கெழக்குக் கரை வார வெள்ளியத் தாண்டாது. ஆட்ட ஓட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிரு தாயி" என்றாள். அந்த நேரம் பார்த்து மொண்டிக் கிடா முள்ளுக்குள் கொம்பைக் கொடுத்துக்கொண்டது. அதை இழுத்து வெளியே எடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஒரு சொல்லும் ஆவுடையம்மாள் எந்த இடத்திலும் சொன்னதில்லை. அவளுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

ஊருக்கு மேற்கே ஒரு மேடு இருக்கிறது. நல்ல உயரம், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் ஏறாது. ஆனால் மேடு ஊருக்குச் சொந்தம் இல்லை. சங்கரன்கோவில் ரத வீதியில் மாடியில் இருக்கிற அருள்வாக்கு மெய்யறி மன்றத்துக்குச் சொந்தம். மன்றம் அரசாங்கம் இல்லை, கோவிலும் இல்லை. யாருக்காவது கனவிலோ நேரிலோ தெய்வம் ஏதாவது சொன்னால், சொன்னது தெய்வம்தானா என்று விசாரித்துச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை. மேட்டை எழுதிக்கொடுத்த பழைய பத்திரத்தில், தெய்வ உத்தரவு இல்லாமல் அங்கே ஆடு மாடு கட்டக் கூடாது, குடியேறக் கூடாது என்று இருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆவுடையம்மாள் மாடியேறினாள். மேஜைக்குப் பின்னால் குமாஸ்தா வேல்சாமி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சோலியா வந்தீரு?"

"வெள்ளிக்கெழமைக்குள்ள கரை உடஞ்சிரும்னு சொன்னா அண்ணாச்சி. ஆட்டக் கொண்டு மேட்டுல அடைக்கணும். உத்தரவு வேணும்."

"யாரு சொன்னா?"

"ஒரு பொம்பள."

"எந்த ஊரு?"

"கேக்கலையே."

"பேரு?"

"அதுவும் கேக்கல. சுண்ணாம்பு கேட்டா, குடுத்தேன். கிடாவ இழுத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்கேன், ஆளக் காணும்."

வேல்சாமி பேனாவைக் கீழே வைத்தார். "காணும்னா? நடந்து போனாளா, மறஞ்சு போனாளா?"

"நான் பாக்கலையே அண்ணாச்சி."

"இந்தாரும்மா, நல்லாக் கேட்டுக்கிடும். நடந்து போயிருந்தா மனுசி. மனுசி சொன்னதுக்கு இங்கன பாரம் கெடையாது. மறஞ்சு போயிருந்தா தெய்வம். தெய்வம் சொன்னதுக்கு நாலு பாரம் இருக்கு. உமக்கு எது வேணும்?"

"மனுசி சொன்னதுன்னா எங்கன போவணும்?"

"கொளத்துக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. அங்கன மனுக் குடுத்தா ஓவர்சியர் வந்து பாப்பாரு. கடைசியா அவரு வந்தது என் கல்யாணத்துக்கு முந்தி. எனக்கு இப்பப் பேரன் இருக்கான்."

ஆவுடையம்மாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. "தெய்வம்னு நான் சொல்லல. இல்லன்னும் சொல்லல. நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். வேல்சாமி நாலு பாரத்திலும் அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

கீழே இறங்கினால் வேப்பமரத்தடியில் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, மடியில் குடை. பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர்கள் இருப்பார்கள் இல்லையா, அது மாதிரி மன்றத்து வாசலில் தங்கப்பழம். தொழில், கண்ட சாட்சி. யாருக்குத் தெய்வம் தோன்றினாலும் பக்கத்தில் தங்கப்பழமும் தற்செயலாக நின்று பார்த்திருப்பான். கொழுஞ்சிகுளத்துக்காரன்தான், தெருவில் கடைசி வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கிற தாயாரைத் தவிர அவனுக்கு வேறு யாரும் இல்லை. ஆவுடையம்மாளுக்குக் கொழுந்தன் முறை.

"மதினி, என்ன எழுதிக் குடுத்தீக?"

சொன்னாள். தங்கப்பழம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ, வெளங்கும்! 'தகதகன்னு நின்னா'ன்னு ஒத்த வார்த்த சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"அவ தகதகன்னு நிக்கலையே, கொழுந்தனாரே. குதிகால் பூரா வெடிச்சுக் கெடந்துது. முந்தானையில ஒட்டுப் போட்டிருந்தா."

"ஒட்டுப் போட்டதச் சொன்னீகன்னா ஆட்டோட நீங்களும் கொளத்துக்குள்ளதான். உங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம், சும்மாவே பாத்துத் தாரேன்."

"பாக்காதத எப்படிய்யா பாத்தேன்னு சொல்லுவீரு?"

"பாத்ததச் சொல்லுததுதான் மதினி கஷ்டம். அது சொல்லச் சொல்லக் கொழம்பும். பாக்காதது ஒரு நாளும் கொழம்பாது."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மத்தியானமே விசாரணை. மன்றத்துத் தலைவர் துரைப்பாண்டி நடுவில், அங்கத்தினர்கள் இரண்டு பக்கமும். துரைப்பாண்டி எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"பெரியோர்களே! மனுசன் சாட்சிய நம்பக் கூடாது. ஏன் நம்பக் கூடாது? மனுசன் பொய் சொல்லுவான். பொய் சொல்லாட்டாத் தப்பாப் பாப்பான். சரியாப் பாத்துட்டா மறந்துபோவான். மறக்காட்டாக் கூட்டிச் சொல்லுவான். நானே முப்பது வருசமா மேடையில பேசுதேன். ஒரு நாளாவது நடந்தத நடந்தபடி சொல்லியிருக்கேனா? சொன்னதே கெடையாது! என்னாலயே முடியாதது இந்தம்மாவால எப்படி முடியும்?"

அங்கத்தினர்கள் கை தட்டினார்கள். பிறகு கேள்விகள் ஆரம்பமாயின.

"காட்சி காணும்போது சாப்பிட்டிருந்தீரா?"

"கம்பங்கூழு குடிச்சிருந்தேன்."

"எவ்வளவு?"

"அர வயித்துக்கு."

துரைப்பாண்டி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வெறும் வயிறு என்றால் பசிமயக்கம், தள்ளுபடி. முழு வயிறு என்றால் உண்டமயக்கம், அதுவும் தள்ளுபடி. அரை வயிற்றுக்கு விதி இல்லை. "இதுக்கு ஒரு சப் கமிட்டி போடணும்" என்று எழுதிக்கொண்டார்.

"சரி. கரை உடஞ்சா உமக்கு என்ன ஆவும்?"

"ஆடு பூராப் போயிரும். தெருவும் போயிரும்."

"அப்ப இந்தக் காட்சியால உமக்கு ஆதாயம் இருக்கு. ஆதாயம் இருக்கவுக சாட்சி செல்லாது."

"ஆதாயம் இல்லாதவுக பாத்திருந்தா?"

"ஒரு ஆதாயமும் இல்லாம அந்த வெயில்ல அங்கன என்ன சோலின்னு கேப்போம்."

அடுத்தது அடையாள அணிவகுப்பு. சுவரில் பதினோரு சிவகாசி காலண்டர்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் அம்மன். சிங்கத்தில் ஒருத்தி, தாமரையில் ஒருத்தி, தாமரை மேல் நின்ற சிங்கத்தில் ஒருத்தி. ஓடையில் பார்த்தவளைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். ஆவுடையம்மாள் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இதுல அவ இல்ல. எல்லாரும் பவுடர் போட்டிருக்காவ."

"நல்லாப் பாரும்மா. ஒரு சாடையாவது இருக்கும்லா?"

ஏழாவது காலண்டரில் அம்மனுக்குக் கீழே, தேதி கிழிக்கிற இடத்துக்கு ஓரத்தில், ஒரு பழைய முகம் வட்டத்துக்குள் இருந்தது. "இந்தா, மூக்கு இது மாதிரி இருந்துது."

அது காலண்டர் போட்ட எண்ணெய் மண்டி முதலாளியின் தாயார். அங்கத்தினர்கள் கூடிப் பேசினார்கள். அந்த அம்மாள் திங்கட்கிழமை கொழுஞ்சிகுளம் போயிருந்தாரா என்று விசாரிக்க மண்டிக்கு ஆள் போனான். அந்த அம்மாள் காலமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது என்று பதில் வந்தது. வேல்சாமி பைலில் எழுதினார்: 'மேற்படியார் உயிருடன் இல்லை. ஆகவே தெய்வம் எனக் கொள்ளச் சற்று இடமுண்டு.'

அந்தச் சற்று இடத்தை வைத்துக்கொண்டு துரைப்பாண்டி ஒரு முடிவுக்கு வந்தார். "தெய்வம் பொய் சொல்லாது. ஆனா தெய்வம் சொன்னதா நமக்குச் சொல்லுதது மனுசன். நடுவுல இந்த மனுசன் இருக்கதுதான் கோளாறே. அதனால தெய்வத்தையே கூப்பிட்டு நேர்ல விசாரிச்சிருவோம்."

புதன்கிழமை, ஓடைக்கரை உடைமரத்தில் மன்றத்துப் பியூன் சம்மன் ஒட்டினான். 'மேற்படி மரத்தடியில் தோன்றியதாகச் சொல்லப்படும் அம்மன் அவர்கள், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தகுந்த ஆதாரங்களுடன் மன்றத்தில் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் ஒருதலைப்பட்சமாக முடிவு செய்யப்படும்.' சாட்சியாக நின்ற ஆவுடையம்மாள், "அவளுக்குப் படிக்கத் தெரியுமோ என்னமோ" என்று கவலைப்பட்டாள். பியூன் நல்ல கஞ்சிப் பசையாகக் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தான். அவன் அந்தப் பக்கம் திரும்பினானோ இல்லையோ, மொண்டிக் கிடா முன்னங்காலை மரத்தில் ஊன்றி எழுந்து சம்மனை முத்திரையோடு தின்றுவிட்டது.

வியாழக்கிழமை விசாரணை இதில்தான் ஆரம்பித்தது. சம்மன் போய்ச் சேர்ந்ததா, இல்லையா?

"தின்னது அம்மனோட ஆளா இருந்தா சேந்ததாத்தான் அர்த்தம்" என்றார் துரைப்பாண்டி. "ஏம்மா, அது நேந்துவிட்ட கிடாவா?"

"ஆமாய்யா."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சாஸ்தாவுக்கு நேந்துவிட்டது."

"சவத்த, வேற டிபார்ட்மெண்டு!" என்று துரைப்பாண்டி பைலை மூடினார்.

ஆனாலும் முறைப்படி பியூன் மாடி வராந்தாவில் நின்று மூன்று தரம் அம்மனைக் கூப்பிட்டான். ரத வீதியில் போன ஒரு புளியங்குடி எலுமிச்சம்பழக்காரி, வியாபாரம் என்று நினைத்து, "எத்தன வேணும்?" என்று கேட்டாள். அவளை உள்ளே அழைத்து ஆதாரம் கேட்டார்கள். அவள் கூடையைக் காட்டினாள். அனுப்பிவிட்டார்கள். அதற்குள் மணி ஒன்று. வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. ஆவுடையம்மாளுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

"ஐயா, நாள வெள்ளி. ஆமாம்னோ இல்லன்னோ சொல்லிருங்க."

"பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார் துரைப்பாண்டி.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழை இலையில் ஒன்றுபோல மடித்துக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் தெய்வ வாக்கு, சிவப்பு வந்தால் இல்லை. வேல்சாமி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளை.

ஆவுடையம்மாள் எழுந்து கும்பிட்டாள். "உக்காரும்மா" என்றார் துரைப்பாண்டி. "ஒரு தடவ வந்தா அது தற்செயல். இன்னொரு தடவ போடும்வே."

வெள்ளை. "ரெட்டப்பட வரக் கூடாது, இன்னொண்ணு." வெள்ளை. "எல எந்த ஊரு எல? மாத்துங்கவே." வெள்ளை. ஐந்தாம் தடவை சிவப்பு வந்தது. "முடிஞ்சுது, இதான் தீர்ப்பு!" என்றார் துரைப்பாண்டி. "நல்லாப் பாத்துக்கிடுங்க, எத்தன கவனமாச் சோதிச்சிருக்கோம்! நாலு தடவ தப்பா வந்தும் நாம அசரல."

ஆவுடையம்மாளுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் வழவழவென்று ஒரு கல்வெட்டு. எழுத்துத் தெரியாததால், "இது என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள். வேல்சாமி பெருமையாகப் படித்துக் காட்டினார். மன்றத்தை ஸ்தாபித்தவர், தலைவருடைய மாமனார். அவர் கனவில் அம்பாள் வந்து, 'ஒரு மன்றம் கட்டு, கொழுஞ்சிகுளம் மேட்டை அதற்கு எழுதி வாங்கு, உன் மருமகனைத் தலைவராகப் போடு' என்று அருளினாளாம்.

"நல்ல சொப்பனம்" என்றாள் ஆவுடையம்மாள் மனசார. "அதுக்கு யாரு சாட்சி நின்னா? மாமா சாப்பிட்டுட்டுப் படுத்தாவளா, வெறும் வயித்தோடயா? மருமகனுக்கு அதுல ஆதாயம் இருக்கேன்னு அப்ப யாரும் கேக்கலையா?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. தன்னுடைய கேஸ் எந்த இடத்தில் தட்டிப்போனது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அது ரூல் போடுததுக்கு முன்னால கண்ட சொப்பனம்" என்றார் துரைப்பாண்டி.

சாயங்காலம் கொழுஞ்சிகுளத்தில் தண்டோரா போட்டார்கள். கரை உடையும் என்று தெய்வம் சொன்னதாக உலவுகிற பேச்சு விசாரணையில் நிரூபணமாகவில்லை, யாரும் நம்பக் கூடாது, மேட்டில் ஏறக் கூடாது என்று. தெரு முழுக்க நிம்மதியாக அடுப்புப் பற்றவைத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆவுடையம்மாள் தனியாகக் கிழக்குக் கரைக்குப் போனாள். இந்த மூன்று நாளில் ஒருத்தரும் செய்யாத காரியம் இதுதான். சொன்னவள் யார் என்று எல்லோரும் பார்த்தார்கள், சொன்ன கரையைப் பார்க்க ஒரு ஆளும் வரவில்லை. மடைக்குக் கொஞ்சம் தள்ளி, கரையின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீராக இருந்தால் பயம் இல்லை, எல்லாக் கரையும் கொஞ்சம் கசியும். இது செம்மண் கலங்கலாக வந்தது. உள்ளே கரை கரைந்துகொண்டிருந்தது.

ஓடி வந்து தெருவில் நின்று சத்தம் போட்டாள். நாலைந்து பேர் வெளியே வந்தார்கள்.

"மன்றத்துலயே இல்லன்னுட்டாவளே!"

"அஞ்சு தடவ பூப்போட்டுப் பாத்தாவளாம், ஏத்தா."

"இவளுக்கு மேட்டுல ஆட்ட அடைக்க ஆச."

அடுத்த வீட்டு மாடத்தி மட்டும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மாடத்திக்கும் இவளுக்கும் தினமும் ஒரு சண்டை உண்டு. "ஏட்டி ஆவுட, சாமிதான் சொன்னாளா?"

"தெரியாது மாடத்தி. ஆனா தண்ணி கலங்கலா வருது. அத நான் பாத்தேன்."

மாடத்தி தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "போன சித்திரையில என் வெள்ளாடு காணாமப் போயி இவ பட்டியில குட்டி போட்டுச்சு. ரெண்டு குட்டி. ஒண்ணத் தந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ரெண்டையும் இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்து குடுத்துட்டு, என் ஆடு இவ பட்டி முள்ளத் தின்னுட்டுன்னு சண்டையும் போட்டுட்டுப் போனா. சாமி சொன்னாளோ பூதம் சொல்லிச்சோ, எனக்கு அது வேண்டாம். சொல்லுதது இவ. நான் போறேன்."

சொன்ன கையோடு அவள் கோழிகளைப் பிடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து ஒரு வீடு, பிறகு இன்னொரு வீடு. பத்து மணிக்குள் பாதித் தெரு மேட்டில். தங்கப்பழம் காலை பஸ்ஸுக்கே சங்கரன்கோவில் போய்விட்டான். அவனுடைய தாயாரைக் கயிற்றுக் கட்டிலோடு ஆவுடையம்மாளும் மாடத்தியும் தூக்கிக்கொண்டு, யார் வேகமாக நடக்கிறது என்பதற்கு வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். கடைசி ஆள் ஏறும்போது பதினொன்றரை. பன்னிரண்டுக்குக் கிழக்குக் கரை திறந்துகொண்டது.

பதினோரு வீட்டில் ஒன்பது வீட்டுக்குச் சுவர் இல்லை. பட்டி இருந்த இடம் தெரியவில்லை. ஒரு உயிர் போகவில்லை. இருபத்திரண்டு ஆடும் மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் சனிக்கிழமை காலையில் மன்றத்து ஜீப் வந்தது. உத்தரவில்லாமல் ஏறியதற்குத் திட்டத்தான் வருகிறார்கள் என்று ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு நின்றாள். துரைப்பாண்டி மாலையோடு இறங்கினார். அதை அவள் கழுத்தில் போட்டார்.

"மன்றம் விசாரிச்சுக் கண்டுபிடிச்சதுலயே பெரிய காட்சி இது! அஞ்சுல நாலு தடவ வெள்ளப் பூ வந்துச்சே, அப்பவே நான் சொன்னேன்லா?"

வேல்சாமி ஒரு தாளை நீட்டினார். அம்மன் இந்த மேட்டில் தகதகவென்று தோன்றி வாக்குச் சொன்னதாக எழுதியிருந்தது. கைநாட்டு மட்டும் வேண்டும். புண்ணிய பூமியாகிவிட்டதால் திங்கட்கிழமை சுற்றிலும் வேலி போடப்போகிறார்கள், நடுவில் உண்டியல். வேலி போடுவதற்குள் சனங்களும் ஆடுகளும் மேட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

"எறங்கி எங்கன போறது? கீழ வீடில்லையே" என்றாள் ஆவுடையம்மாள். "அவ மேட்டுல நிக்கவும் இல்ல. ஓடையில நின்னா. சாமின்னு நான் சொல்லவும் இல்ல."

துரைப்பாண்டி பொறுமையாக விளக்கினார். "சாமி சொல்லலன்னா, நீங்க உத்தரவு இல்லாம ஏறினது குத்தம். உடனே எறங்கணும். சாமி சொன்னான்னா, இது புண்ணிய பூமி. உடனே எறங்கணும்."

"எப்படிச் சொன்னாலும் எறங்கணும்னா, அப்பறம் எதுக்குய்யா எங்கிட்டக் கேக்கிய?"

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்லாம்மா!"

அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கைநாட்டு வைக்கவில்லை. துரைப்பாண்டிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தார். தாயார் கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கப்பழம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு நெற்றியில் திருநீறு கூட இல்லை.

"தங்கப்பழம், நீயும் பாத்திருப்பியேலே?"

தங்கப்பழம் மெதுவாக எழுந்து வந்தான். துரைப்பாண்டியின் கண் ஜாடைக்கு வேல்சாமி விதியைச் சத்தமாகப் படித்தார். 'நூறு காட்சிகளுக்கு மேல் மன்றத்தால் ஏற்கப்பட்ட சாட்சியிடம் குறுக்கு விசாரணை கிடையாது. அன்னாரது வாக்கு அப்படியே ஏற்கப்படும்.' இருபத்திரண்டு ஆட்டையும் எந்தப் பக்கம் ஓட்டுவது என்று ஆவுடையம்மாள் கீழே தண்ணீரைப் பார்த்தாள்.

தங்கப்பழம் கண்ணை மூடினான். "பாத்தேன். தகதகன்னு நின்னா."

"ஆகா!" என்றார்கள் அங்கத்தினர்கள்.

"எங்கிட்டயும் வாக்குச் சொன்னா. 'கரையக் கட்ட ஒருத்தனும் வரல, என்னக் கட்டிப் போட ஜீப்புல வாரானுவளா'ன்னா. 'இந்த மேடு கொழுஞ்சிகுளத்துச் சனத்துக்கும் ஆட்டுக்கும். இதுல வேலின்னு ஒரு குச்சிய நட்டா நட்ட கை வெளங்காது'ன்னா."

"ஏலே..." என்றார் துரைப்பாண்டி.

"இன்னும் முடியல தலைவரே. 'மன்றத்து ஆளு ஒவ்வொருத்தனும் நூத்தியெட்டுக் கூட மண்ணு, தலைவர் முந்நூத்தியெட்டு, செருப்பில்லாம, சால்வையில்லாம, தலையில சொமந்து ஒடஞ்ச கரையில போடணும்'ன்னா."

"என்னலே ஒளறுத?"

"நானா சொல்லுதேன்? அவ சொல்லுதா. சந்தேகம்னா குறுக்கு விசாரண பண்ணிக்கிடுங்க."

துரைப்பாண்டி விதிப்புத்தகத்தைப் பிடுங்கி முன்னும் பின்னும் புரட்டினார். இதைப் பொய் என்றால், இதுவரை இவன் பார்த்தது எல்லாம் பொய். அது எல்லாம் பொய் என்றால், கொடுத்த சான்றிதழ் எல்லாம் பொய். அதற்கு அடுத்து என்ன பொய்யாகும் என்பதைக் கல்வெட்டு வரைக்கும் நினைத்துப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். மாடத்தி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். குலவைச் சத்தத்துக்கு நடுவில் துரைப்பாண்டி குனிந்து செருப்பைக் கழற்றினார்.

ஒன்பது நாள் மண் சுமந்தார்கள். கூடையை எண்ணுவதற்கு மாடத்தியைப் போட்டிருந்தது. அவளுக்கு ஐம்பதுக்கு மேல் எண்ண வராது. ஐம்பது வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். கரை பழையதைவிட இரண்டு முழம் உயரமாக வந்தது.

வேலை முடிந்த அன்றைக்கு, மேட்டில் புதிதாக முள் கட்டிய பட்டிக்குள் ஆடுகளை விட்டுவிட்டு ஆவுடையம்மாள் தங்கப்பழத்திடம் கேட்டாள்.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கேன். நெசமாவே பாத்தீரா?"

தங்கப்பழம் தாயாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இத்தன வருசத்துல இப்படி ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்ல மதினி. மண்ணு, கூட, வேலி எல்லாம் நான் சேத்துச் சொன்னது. ஆனா கரை ஒடஞ்சுதுன்னு கேட்டு ஆத்தா ஆத்தான்னு விலக்குலருந்து ஓடியாறேன், எதுக்க ஒரு பொம்பள வந்தா. 'ஏன் ஓடுத? ஒங்காத்தா மேட்டுல இருக்கா'ன்னா. யாரு எவன்னு கேக்கத் தோணல."

"ஆளு எப்படி இருந்தா?"

"அந்த ஓட்டத்துல யாரு மதினி மொகத்தப் பாத்தா? இது சத்தியம். நீங்க நம்ப மாட்டீக."

ஆவுடையம்மாள் அவனைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவன் எப்படிச் சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், அழகாகச் சொல்லுவான். இப்போது கண் திறந்திருந்தது, நாக்குக் குழறியது. அதுவும் தொழிலில் ஒரு வித்தையாக இருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. கிழவி கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.

"மொதல்ல அவுகளுக்குக் குடும், ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் பட்டிப் படலைச் சாத்தினாள்.

நடந்தது இதுதான். உங்களுக்கும் இப்படி யாராவது எதிரே வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். யார், என்ன சொன்னார்கள், நீங்கள் நம்பினீர்களா, நம்பாமல் விட்டு என்ன ஆனது, எல்லாவற்றையும் ஒரு கடுதாசியில் எழுதிப் போடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, கூட்டிக் குறைக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் கூட்டித்தான் வரும் என்றால் எந்த இடத்தில் கூட்டினீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.